ஐந்தரை மணிப் பசிக்குப் போஸ்டர் பதில் சொல்லாது

வாசகர் கேள்வி:

தென்காசி மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடமாக என்னென்னவோ செய்து பார்த்துவிட்டோம். போஸ்டர் வரைந்தார்கள், டாக்டர் ஒருவர் வந்து பேசினார், வினாடி வினா வைத்தோம். கேட்டால் எல்லாப் பதிலும் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஐந்தரை மணிக்கு வெளியே போனதும் வாசலில் நிற்கும் வண்டியையும் பெட்டிக்கடையையும் மொய்க்கிறார்கள். வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கிய பெண்ணின் கையிலேயே குளிர்பான பாட்டில். இந்த முறை தலைமையாசிரியர் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு பீரியட் ஒதுக்கித் தந்திருக்கிறார். மாதாமாதம் எல்லாரையும் எடை பார்த்து வகுப்பில் அட்டவணை ஒட்டலாமா? கடைப் பண்டத்துக்குத் தடை போடலாமா? நாங்கள் எங்கே தவறுகிறோம்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் ‘ஐந்தரை மணி’. பிள்ளைகள் மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்? ஒரு மணிக்கு என்றே வைத்துக்கொள்வோம். வாசலுக்கு வரும்போது சாப்பிட்டு நாலரை மணி நேரம் ஆகியிருக்கும். சிலர் காலையிலும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி வாசனை மூக்கைத் துளைக்கிறது, பையில் பத்து ரூபாய் இருக்கிறது, தோளில் நண்பனின் கை. அந்த நேரத்தில் ‘நார்ச்சத்து’ என்ற சொல் யாருக்கு ஞாபகம் வரும்?

அந்த வயதின் பசி சாதாரணப் பசி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, உட்கார்ந்த வேலை பார்க்கும் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரி போதும். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு 2860 வேண்டும், அதே வயதுப் பெண்ணுக்கு 2400. அதாவது அலுவலகத்தில் நாற்காலியில் இருக்கும் அப்பாவைவிட ஒன்பதாம் வகுப்பு மகளுக்குக் கூடுதல் சாப்பாடு தேவை. நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் பரிமாறுகிறோம். அதனால் ‘எப்பப் பார்த்தாலும் தின்னுக்கிட்டே இருக்கான்’ என்ற குற்றச்சாட்டை முதலில் நம் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பசிப்பது அவர்கள் தவறு இல்லை. அந்தப் பசிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் கவலை.

ஆகவே முதல் பீரியடில் பாடம் எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். இன்று காலை என்ன சாப்பிட்டாய்? சாப்பிடவில்லை என்றால் ஏன்? நேற்று சாயங்காலம் முதலில் வாயில் போட்டது என்ன?

நான் போன பள்ளி ஒன்றில் இப்படிச் சீட்டு வாங்கியபோது ஏறக்குறைய பாதிப் பேர் காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்திருந்தார்கள். பிஸ்கட் தொட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர். ‘ஏன்’ என்ற கேள்விக்கு வந்த பதில்கள் இன்னும் மனதில் இருக்கின்றன. ‘பஸ் 7.10-க்கு.’ ‘அம்மா வேலைக்குப் போயிருவாங்க, பழைய சோறு தம்பிக்கு.’ ‘காலைல தொண்டைல இறங்காது.’ ஒரு சீட்டில், ‘சாப்பிட்டா பாத்ரூம் வரும், ஸ்கூல்ல போக முடியாது’ என்று இருந்தது. எழுத்தைப் பார்த்தால் பெண் குழந்தை மாதிரி தெரிந்தது. அந்தச் சீட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அடுத்த வாரம் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. ஊட்டச்சத்துத் திட்டத்தில் தாழ்ப்பாளுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்தப் பிள்ளைக்கு நான் இரும்புச்சத்து பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது ஒன்றுக்கும் உதவியிருக்காது.

சீட்டு கைக்கு வந்த பிறகுதான் உங்கள் திட்டம் எது என்றே தெரியும். என் ஊகம், உங்களுக்கும் மாலைப் பசியில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குவதற்கு முன், நாலே கால் மணி வாக்கில் பத்து நிமிடம் இடைவேளை விடுங்கள். வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பா வரட்டும். அவித்த கடலை, சுண்டல், கொய்யா, எள்ளுருண்டை, அவல், தை மாசியில் பனங்கிழங்கு, ஒன்றுமில்லையென்றால் காலை இட்லி இரண்டில் பொடி தடவியது. டப்பா கொண்டுவர முடியாத பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் தனியாகத் தெரியக்கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி ஒரு பெரிய பாத்திரத்தில் சுண்டல் அவித்து எல்லாருக்குமே கொடுக்க முடிந்தால் அதுதான் உத்தமம். வாரம் இரண்டு நாள் முடிந்தாலும் சரி. கோவில்பட்டி உங்களுக்குப் பக்கம்தான், கடலைமிட்டாயும் ஆகும். அதில் வெல்லம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பசித்த வயிற்றுக்குக் கடலையும் சேர்ந்தே போகிறது. குளிர்பானத்தில் சர்க்கரையும் தண்ணீரும்தான்.

அப்புறம், சத்துணவு. பத்தாம் வகுப்பு வரை முட்டையோடு கிடைக்கும் சாப்பாடு அது. எட்டாம் வகுப்பு தாண்டியதும் பல பிள்ளைகள் தட்டு ஏந்தி நிற்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்கள்தான் மாலையில் அதிகம் பசித்துப் போகிறவர்கள். வாரம் ஒரு நாள் நீங்களும் இன்னொரு ஆசிரியரும் அதே வரிசையில் நின்று, அதே சாப்பாட்டை, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டு எழுந்து வாருங்கள், போதும்.

வாரம் ஒரு பீரியடில் என்ன செய்வது? ‘குளிர்பானத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை’ என்று கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டுகிற நிகழ்ச்சி உங்கள் பள்ளியிலும் நடந்திருக்கும். நானும் வருடக்கணக்கில் செய்தேன். பிள்ளைகள் ‘ஐயோ’ என்பார்கள், சாயங்காலம் குடிப்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதில் வரப்போகிற சர்க்கரை நோய் என்பது இன்னொருவர் கதை. இன்றைக்கு அவர்களுக்கு முக்கியமானவை இரண்டு: என் விஷயத்தை நானே முடிவு செய்ய வேண்டும், நண்பர்கள் நடுவில் மதிப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் எதிராக நின்று பேசுகிற எந்தத் திட்டமும் அந்த வயதில் நிற்காது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யேகர் என்ற ஆய்வாளர்கள் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். 2016-ல் வெளிவந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்நூறு பேருக்கு மேல். ஒரு பகுதிக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம். இன்னொரு பகுதிக்கு, நொறுக்குத்தீனி நிறுவனங்கள் பிள்ளைகளை எப்படிக் குறிவைக்கின்றன, தின்னத் தின்ன இன்னும் கேட்கும்படி பண்டத்தை எப்படி வடிவமைக்கின்றன என்ற செய்தி. மறுநாள் வேறொரு சந்தர்ப்பத்தில், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தின்பண்டம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இரண்டாவது பகுதிப் பிள்ளைகள் குப்பைத் தீனியைக் குறைவாக எடுத்தார்கள். பிறகு 2019-ல் வந்த ஆய்வில், விளம்பரப் படங்களை எடுத்து அவற்றில் உண்மையைக் கிறுக்கி மாற்றி எழுதும் வேலையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு மூன்று மாதம் பள்ளிக் கேன்டீனில் பையன்கள் வாங்கிய மோசமான தின்பண்டமும் பானமும், வழக்கமான பாடம் கேட்ட பையன்களைவிட 31 சதவீதம் குறைந்தன. மாணவிகள் வாங்கியதில் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மருந்து எல்லாருக்கும் கேட்காது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவது சுலபம். பிள்ளைகளிடமே பாக்கெட் உறைகளைச் சேகரிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் நிகர எடை போட்டிருக்கும். நூறு கிராமுக்கு என்ன விலை ஆகிறது என்று அவர்களே கணக்குப் போடட்டும். அதே கணக்கைப் பலசரக்குக் கடை நிலக்கடலைக்கும் போடட்டும். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து ரூபாய் பாக்கெட்டின் விலை வருடக்கணக்காக ஐந்து ரூபாயாகவே இருக்க, உள்ளே கிராம் மட்டும் குறைந்து வருவதை யாராவது ஒரு பையன் கட்டாயம் சொல்வான். ‘காத்தைத்தான் டீச்சர் விக்கிறாங்க!’ என்று ஒரு குரல் வரும். அந்தக் கோபம் உங்களுக்கு வேண்டும். அது நீங்கள் ஊட்டியதாக இருக்கக்கூடாது, அவர்கள் கணக்கில் அவர்களே கண்டதாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் விளம்பரங்கள்: யார் நடிக்கிறார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், எந்த நிகழ்ச்சியின் நடுவில் வருகிறது. எனர்ஜி டிரிங்க் டப்பாவில் சின்ன எழுத்தில் ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

கோபம் மட்டும் இருந்தால் ஐந்தரை மணிக்குத் தாங்காது. அதற்கு முன்கூட்டியே ஒரு சின்ன ஒப்பந்தம் வேண்டும், தனக்குத்தானே போட்டுக்கொள்வது. ‘இனிமேல் நன்றாகச் சாப்பிடுவேன்’ என்ற உறுதிமொழி எல்லாரும் எழுதுவார்கள், அது காற்றில் போகும். ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இடமும் நேரமும் போட்டு எழுதுவதற்குப் பலம் அதிகம் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தொண்ணூறுகளிலேயே காட்டியிருக்கிறார். உங்கள் பிள்ளைகள் மொழியில் அது இப்படி இருக்கும்: ‘கேட்டைத் தாண்டும்போது பசித்தால், முதலில் தண்ணீர் குடித்து டப்பாவில் மிச்சம் இருப்பதைத் தின்பேன். அதற்கப்புறமும் வேண்டுமென்றால் வண்டிக்குப் போவேன்.’ கவனியுங்கள், வண்டிக்குப் போகவே மாட்டேன் என்று இதில் இல்லை. ஒரு பிள்ளை ‘சனிக்கிழமை மட்டும் பப்ஸ்’ என்று எழுதினால் அதை அப்படியே விடுங்கள். நீங்கள் திருத்தினால் அது உங்கள் திட்டமாகிவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட்டால் இன்னும் நல்லது. வாரம் ஒரு தடவை அவர்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளட்டும். எத்தனை நாள் முடிந்தது, எந்த நாள் முடியவில்லை, அன்று என்ன நடந்தது. முடியாத நாளுக்குத் திட்டு கிடையாது. ‘அன்னைக்கு என்ன ஆச்சு, ஒப்பந்தத்தில் எதை மாத்தலாம்’ என்ற கேள்வி மட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட எடை அட்டவணை. வேண்டாம் டீச்சர். தயவுசெய்து வேண்டாம்.

என் ஆலோசனை அறைக்கு ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தார். பள்ளியில் வரிசையாக நிற்கவைத்து எடை பார்த்து, எண்ணை வகுப்புக்கே கேட்கும்படி வாசித்திருக்கிறார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் நின்று கைக்குக் கிடைத்ததைத் தின்றுவிட்டு அழுதிருக்கிறாள். என் முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ‘நான் என்ன எடை’ என்று அவள் கேட்கவேயில்லை. ‘நாளைக்கு லீவு போட லெட்டர் தருவீங்களா மேடம்’ என்றுதான் கேட்டாள்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் குழுவினர் வளரிளம் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். உடம்பைப் பற்றிக் கேலிக்கு ஆளான பிள்ளைகளிடம் அடக்க முடியாமல் அள்ளித் தின்பதும், பட்டினி கிடப்பதும், பிற்பாடு எடை கூடுவதும் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். மெலியட்டும் என்று செய்கிற கேலி நேர்மாறாகத்தான் முடிகிறது. மருத்துவக் குழு வந்து எடை, உயரம் பார்த்தால் திரை மறைவில் பார்க்கட்டும், எண் பெற்றோருக்கு மட்டும் போகட்டும். ஆசிரியர் அறையிலும் ‘குண்டு’, ‘ஈர்க்குச்சி’ என்ற பட்டப்பெயர்களை நிறுத்திவிடுங்கள். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் சாப்பாட்டை ஒதுக்குகிறது, சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறது, வேகமாக மெலிகிறது என்று தெரிந்தால் வகுப்புத் திட்டத்தில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தடை பற்றி. பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் வருட விதியே இருக்கிறது. வளாகத்துக்குள் அதைக் கறாராகப் பின்பற்றுங்கள். பிறந்த நாள் சாக்லேட்டும், ஆண்டு விழாவில் குளிர்பானமும் அதில் சேர்த்தி. வாசலில் வண்டி போட்டிருக்கிற அம்மாவிடம் போலீஸை அனுப்புவதற்கு முன்னால் நீங்களே போய்ப் பேசிப் பாருங்கள். சுண்டலும் மாங்காயும் நெல்லிக்காயும் அவருக்கும் விற்கத் தெரியும். நாற்பது பிள்ளைகள் சுண்டல் கேட்டால் அவர் ஏன் சிப்ஸ் பாக்கெட்டைத் தொங்கவிடப் போகிறார்? பிள்ளைகளுக்கு மட்டும் ‘தொடாதே’ என்று சொல்வது எதிர்விளைவைத் தரும். சின்னக் குழந்தைகளிடம் லீன் பர்ச், ஜெனிஃபர் ஃபிஷர் இருவரும் 1999-ல் செய்த சோதனைகளிலேயே, தடுத்துவைத்த பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் கண்ணும் பேச்சும் அதிகம் போனது. சின்னக் குழந்தைகளே அப்படி என்றால் ஒன்பதாம் வகுப்பைச் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பையன்களிலும் 31.1 சதவீதம். ‘சோம்பேறி, கிளாஸில் தூங்குது’ என்று நாம் சொல்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் இதில் இருப்பார்களோ. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் பிள்ளைகள் விழுங்குகிறார்களா, ஜன்னலுக்கு வெளியே போடுகிறார்களா என்று பாருங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகலாம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால்தான் பாதி மாத்திரை ஜன்னலுக்குப் போகிறது. ஆசிரியரும் கூடவே எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த மாத்திரைத் திட்டத்திலேயே இருக்கிறது, நீங்கள் விழுங்குவதை அவர்கள் பார்க்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும். முருங்கைக்கீரையும் எலுமிச்சையும் உங்கள் ஊரில் பஞ்சமில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: வாரத்தில் முடிந்த நாட்களில் இரவுச் சாப்பாட்டை டிவியும் போனும் இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், சாப்பிடும்போது மார்க் பற்றிக் கேட்காதீர்கள். நான் ஆலோசனைக்குப் பார்க்கும் பிள்ளைகளில் பலர் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியே போவது சாப்பாடு பிடிக்காமல் இல்லை, அந்தக் கேள்வி பிடிக்காமல்.

பலன் எப்போது தெரியும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் படிய நடுவான கணக்காக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதனால் உங்கள் கையில் இருக்கிற ஒரு பருவம் ஆரம்பத்துக்குத்தான் போதும். இரண்டாவது மாதத்தில் கூட்டம் மறுபடி வண்டிக்குத் திரும்பும், அப்போது விட்டுவிடாதீர்கள். அளப்பதற்கு இரண்டே எண்கள் வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் சாப்பிட்டு வந்தவர்கள் எத்தனை பேர், மாலை டப்பா திறந்தவர்கள் எத்தனை பேர். பெயரில்லாத அதே துண்டுச் சீட்டில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. எண்ணிக் கூட்டி கரும்பலகையில் எழுதுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கையில் குளிர்பான பாட்டிலோடு நீங்கள் பார்த்த அந்த முதல் பரிசுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அவள் எண்ணுவாளா என்று.

முதல் கட்டுச் சீட்டு வந்ததும் எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். காலையில் சாப்பிடாதவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் சுண்டலை மாலையிலிருந்து காலை பத்தே முக்கால் இடைவேளைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் கடலையை முதல் நாள் இரவே யார் ஊறவைப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள்.